தட்டில் எவ்வளவு சோறு?

கேக் செய்வதற்கென்று என் மகள் ஒரு சிறிய சமையலறைத் தராசு வாங்கி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட உட்காரும்போது என் தட்டை அதன்மேல் வைத்து, சோறு போடப் போட நிறுத்துப் பார்த்தேன். சாம்பாருக்குப் போட்டது 190 கிராம். ரசத்துக்கு 130. மோருக்கு 100. மொத்தம் 420 கிராம் சோறு. பக்கத்தில் ஒரு கரண்டி முட்டைக்கோஸ் பொரியல், ஓர் அப்பளம். நான் நிறையச் சாப்பிடுகிறவன் என்று யாரும் சொன்னதில்லை. "என்ன, அதுக்குள்ள கையைக் கழுவிட்டீங்க?" என்றுதான் சொந்தக்காரர் வீடுகளில் கேட்பார்கள்.

வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அந்த ஒரு வேளையிலேயே சுமார் 118 கிராம் ஆகிவிட்டது. காலையில் நான்கு இட்லி, சாயங்காலம் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும், ராத்திரி மூன்று தோசை. எல்லாவற்றையும் கூட்டினால் நாளொன்றுக்கு 300 கிராமைத் தொட்டது. அப்போது என் எடை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்று பொருள்.

என் தட்டு விதிவிலக்கு ஒன்றுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் நடத்திய 'இண்டியாப்' என்னும் நாடு தழுவிய ஆய்வின் உணவுக் கணக்கு, 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. 1,21,077 பேரை ஆராய்ந்ததில், இந்தியர்களின் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 62 சதவீதம் என்பது 310 கிராம். என் தராசு சொன்னதும் அதுவே.

அதே ஆய்வுக் குழு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் முந்தைய நிலையில். வயிற்றுப் பகுதி பருமன் பெரியவர்களில் 39.5 சதவீதத்தினருக்கு. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு. இந்த எண்களுக்கு நடுவே நின்றுதான் 'மாவுச்சத்தைக் குறைத்தால் எடை குறையுமா, உடம்பு தேறுமா' என்ற கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. நூற்று அறுபது வருடமாக இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. பதிலும் ஓரளவு திரண்டிருக்கிறது.

சவப்பெட்டிக்காரரின் கடிதம்

லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழிலில் இருந்தார். அரச குடும்பத்துக்கே அவர் குடும்பத்தார்தான் செய்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர், ஐந்தடி ஐந்தங்குலம் உயரம், 202 பவுண்டு எடை. குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியாது. முழங்கால் தாங்காது என்று மாடிப்படியில் பின்புறமாகவே இறங்குவார். படகு துழாவினார், நடந்தார், நீராவிக் குளியல் எடுத்தார். எதற்கும் எடை அசையவில்லை. 1862இல் காது மந்தமாகிவிட்டதென்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனார். ஹார்வி சில வருடங்களுக்கு முன் பாரிஸில் கிளாட் பெர்னார்ட் கல்லீரலும் சர்க்கரையும் பற்றி ஆற்றிய உரைகளைக் கேட்டிருந்தவர். ரொட்டி, பால், வெண்ணெய், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இறைச்சி, மீன், காய்கறி சாப்பிடலாம் என்றார். ஒரு வருடத்தில் பாண்டிங் 46 பவுண்டு குறைந்தார். காதும் தெளிந்தது. தான் பெற்றதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று 1863இல் சொந்தச் செலவில் ஒரு சிறு பிரசுரம் அச்சிட்டார். இன்றும் ஸ்வீடிஷ் மொழியில் எடை குறைப்பதற்கான வினைச்சொல் 'பாண்டா'. அது அவர் பெயரிலிருந்து வந்தது. எண்பத்தொரு வயது வரை வாழ்ந்தார்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட 1921ஆம் ஆண்டு வரை, சர்க்கரை நோயாளியின் உயிரைக் கொஞ்ச காலம் நீட்டிக்க இருந்த வழியே மாவுச்சத்தை ஏறக்குறைய அறவே விலக்குவதுதான். அதே 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோயாளிகளுக்காகக் கொழுப்பு மிகுந்த ஓர் உணவை வகுத்து 'கீட்டோஜெனிக்' என்று பெயரிட்டார். கீட்டோ அங்கே பிறந்தது. எடைக்காக அல்ல, வலிப்புக்காக. மருந்துக்கு அடங்காத குழந்தை வலிப்புகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் கொடுக்கிறார்கள். 1972இல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய புத்தகம் எடை குறைப்பு என்று அதை உலகெங்கும் கொண்டுபோனது.

நம் பக்கம் அது 'பேலியோ' என்ற பெயரில் 2010களின் நடுவில் வந்தது. நியாண்டர் செல்வன் தமிழில் எழுதியதைப் படித்துப் பல ஆயிரம் பேர் அரிசியை விட்டார்கள். நெய்யில் வறுத்த நூறு பாதாம், பட்டர் டீ, நான்கு முட்டை ஆம்லெட், ராத்திரிக்கு மட்டனோ சிக்கனோ. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் டப்பாவைத் திறந்து பாதாமை எண்ணிச் சாப்பிட்ட காட்சியைப் பார்க்காதவர்கள் அந்த வருடங்களில் குறைவு. ஒன்றை மனமாரச் சொல்ல வேண்டும். சோறில்லாமல் ஒரு தமிழர் ஒரு நாள் இருக்க முடியும் என்பதையே அந்த அலைதான் காட்டியது. தட்டில் புரதம் எங்கே என்று தேட வைத்ததும் அதுதான்.

எவ்வளவு குறைத்தால் 'குறைவு'?

பேச்சில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் வரை மாவுச்சத்து என்றால் அது கீட்டோ. 130 கிராமுக்குள் என்றால் குறைந்த மாவுச்சத்து உணவு. கலோரியில் 26 முதல் 45 சதவீதம் வரை என்றால் மிதமான குறைப்பு. 62 சதவீதத்தில் இருக்கிற நாம் 50க்கு இறங்கினாலே நம் அளவில் அது பெரிய மாற்றம். ஆனால் மேற்கத்திய ஆய்வுகளில் அந்த 50 சதவீதம் 'சாதாரண உணவு' என்று எதிர்ப்பக்கத்தில் நிற்கும். அமெரிக்க ஆய்வுகளை நம் தட்டுக்குப் பொருத்தும்போது இதை மறந்துவிடக் கூடாது.

முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கிற கிளைகோஜன் என்னும் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. மாவுச்சத்து நின்றதும் கிளைகோஜன் கரைகிறது, தண்ணீரும் போகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரில் உப்பும் கூடவே போகிறது. முதல் வாரத்துத் தலைவலி, அசதி, காலில் பிடிப்பு எல்லாம் அதனால்தான். மறுபடி கல்யாண வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டதும் இரண்டு கிலோ ஏறுவதும் அதே தண்ணீர்தான். 'எல்லாம் போச்சு' என்று அங்கேயே விட்டுவிட வேண்டியதில்லை.

அதன் பிறகு குறைவது கொழுப்பு. அது ஏன் குறைகிறது? இன்சுலின் குறைந்தால் கொழுப்பு தானாகக் கரையும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பசி அடங்குவதால் குறைவாகச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான் என்று மறு சாரார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்துச் சோதித்தார். இரண்டு வாரம் இறைச்சி சார்ந்த கீட்டோ, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு. வேண்டிய அளவு சாப்பிடலாம். 2021இல் முடிவு வந்தது. தாவர உணவில் நாளுக்கு 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். உடல் கொழுப்பும் அதில்தான் குறைந்தது. கீட்டோவில் இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் தணிந்திருந்தன. இன்சுலின் மட்டுமே கொழுப்பை ஆட்டிப்படைக்கிறது என்ற கருத்துக்கு இது நேரான மறுப்பு. அதே ஹால் 2019இல், ஆலையில் பதப்படுத்திய உணவைக் கொடுத்தால் மனிதர்கள் நாளுக்கு 500 கலோரி அதிகமாகச் சாப்பிடுகிறார்கள் என்றும் காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது: மாவுச்சத்தைக் குறைக்கிறவர் பிஸ்கட், பரோட்டா, மிக்சர், குளிர்பானம், பேக்கரி பப்ஸ் எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்திவிடுகிறார். பலனில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு வருடம் கழித்து

ஆறு மாதத்தில் மாவுச்சத்துக் குறைப்பு முந்துகிறது, ஒரு வருடத்தில் பெரும்பாலும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். 2003இல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 63 பேரை வைத்து அட்கின்ஸ் முறையைச் சோதித்தபோதே இது தெரிந்தது. 2008இல் இஸ்ரேலில் ஒரே பணியிடத்தைச் சேர்ந்த 322 பேர் இரண்டு வருடம் கலந்துகொண்ட ஆய்வில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 4.7 கிலோ, மத்தியதரைக்கடல் உணவுக்காரர்கள் 4.4 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 2.9 கிலோ இழந்தார்கள். 2018இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை இரண்டாகப் பிரித்தார். இரு சாராருக்கும் சர்க்கரையும் மைதாவும் விலக்கு, காய்கறி தாராளம். ஒரு வருட முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. அந்த வித்தியாசம் கணக்கில் சேராத அளவு சிறியது. ஆனால் சராசரிக்குள் ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இரு பக்கமும் சிலர் 20 கிலோவுக்கு மேல் இழந்தார்கள், சிலருக்கு எடை ஏறவே செய்தது.

அரிசியே எதிரி என்று நினைக்கிறவர்கள் வால்டர் கெம்ப்னரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1939 முதல் அவர் உயர் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் கொடுத்த மருந்து வெள்ளை அரிசி, பழம், பழச்சாறு, சர்க்கரை. கொழுப்பும் உப்பும் அனேகமாக இல்லை. 1975இல் அவர் வெளியிட்ட கணக்கில் 106 பருமனானவர்கள் தலைக்குக் குறைந்தது 45 கிலோ இழந்திருந்தார்கள். சோறு தின்றே! ஒக்கினாவாத் தீவின் பழைய தலைமுறை கலோரியில் எண்பது சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்தில், பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பெற்று, ஒல்லியாக நெடுநாள் வாழ்ந்தது. ஆக மாவுச்சத்தில் விஷம் ஏதும் கிடையாது. யார், எவ்வளவு, எதனோடு, எந்த வேலை செய்துகொண்டு சாப்பிடுகிறார் என்பதில் இருக்கிறது விஷயம்.

எடையை விட்டுச் சர்க்கரை நோய்க்கு வந்தால், மாவுச்சத்துக் குறைப்பின் கை ஓங்குகிறது. 2021இல் 'பிஎம்ஜே' இதழில் 23 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில், குறைத்தவர்களில் 57 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் அடங்கியிருந்தது, மற்றவர்களில் 31 சதவீதம். ஒரு வருடத்தில் இந்த இடைவெளி சுருங்கியது. இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் டேவிட் அன்வின் என்ற பொது மருத்துவர் தன் நோயாளிகளிடம் ஒரு படம் காட்டுவார்: 150 கிராம் பாசுமதிச் சோறு இரத்தத்தில் பத்து டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம் என்று. அவர் சொன்னதைக் கேட்டு மாவுச்சத்தைக் குறைத்த 186 சர்க்கரை நோயாளிகளில் 51 சதவீதம் பேர், சராசரியாக 33 மாதத்துக்குப் பிறகு மருந்தில்லாத நிலையில் இருந்தார்கள். தாமாக விரும்பி வந்தவர்கள் அவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ராய் டெய்லரும் மைக்கேல் லீனும் பிரிட்டனில் நடத்திய 'டைரக்ட்' ஆய்வு வேறு வழி போனது. மூன்று முதல் ஐந்து மாதம், நாளுக்கு 850 கலோரியை ஒட்டிய கஞ்சி போன்ற பானம் மட்டும். அதில் மாவுச்சத்து பாதிக்கு மேல் இருந்தது. ஆனாலும் ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் அடங்கியது. 15 கிலோவும் அதற்கு மேலும் இழந்தவர்களில் 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு இறங்க வேண்டும். எந்த வழியில் இறங்கினாலும் சரி.

நமக்கு ஏன் சீக்கிரம் வருகிறது

2004இல் 'லான்செட்' இதழில் இருவர் நிற்கும் படம் வந்தது. ஒருவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யட்கின், மற்றவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. பார்த்தால் இருவரும் ஒல்லி. உள்ளே அளந்தால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. நம் உடம்பின் கதை அந்த ஒரு படத்தில் இருக்கிறது. தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். தின்ற சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைக்க வேண்டியது தசை. அதுவே சிறிதாக இருந்தால் 420 கிராம் சோறு எங்கே போகும்? அதனால்தான் நமக்கு உடல் நிறைக் குறியீடு 23க்கு மேல் போனாலே அதிக எடை என்றும், இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் ஆகாது என்றும் வைத்திருக்கிறார்கள்.

21 நாடுகளில் 1,32,373 பேரைப் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வின் 2020ஆம் ஆண்டு அறிக்கை வெள்ளை அரிசியைத் தனியே பார்த்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் சோறு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடியது. அந்த உறவு மிக வலுவாகத் தெரிந்தது தெற்காசியாவில்தான். சீனாவில் அப்படித் தெரியவில்லை. அவர்களும் நம்மைப் போலச் சோறு உண்கிறவர்கள்தான். தட்டைப் பார்த்தால் வேறுபாடு புரிகிறது. அங்கே கிண்ணம் சோறு, அதைச் சுற்றிக் கீரை, மீன், முட்டை, டோஃபு. இங்கே மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இது என் அனுமானம்தான், ஆனால் எந்த மெஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தாலும் எனக்கு இதுவே தோன்றுகிறது.

எங்கள் பாட்டி காலத்தில் அரிசிச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். மற்ற நாளெல்லாம் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, தொட்டுக்கொள்ளக் கருவாடோ வெங்காயமோ. நாற்று நட்டு, களை பறித்து, தண்ணீர் சுமந்த உடம்புக்கு அது சரியாகப் போயிற்று. இதைச் சொன்னதும் 'அப்படியானால் சிறுதானியத்துக்கு மாறிவிடலாம்' என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 100 கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் 67, சாமையிலும் வரகிலும் 65ஐ ஒட்டி. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கேழ்வரகில் நிச்சயம் கூடுதல். ஆனால் மூன்று கரண்டி வரகரிசிச் சோறும் மூன்று கரண்டிச் சோறுதான். மேலே சொன்ன 2025 ஆய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஐந்து சதவீதக் கலோரியைப் பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றியவர்களிடம் குறைவாக இருந்தது. ராத்திரி சோற்றை விட்டு நான்கு சப்பாத்திக்குப் போனவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது

அறவே விடுவதா, பாதியாக்குவதா? ஆயுளைப் பார்த்த ஆய்வுகள் இரண்டு. 2017இல் 'ப்யூர்' 18 நாடுகளில் 1,35,335 பேரைப் பார்த்துவிட்டு, மாவுச்சத்து மிக அதிகமாக உண்பவர்களிடம் இறப்பு கூடுதல் என்றது. 2018இல் அமெரிக்காவில் 15,428 பேரை 25 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு, இரு முனையிலும் இறப்பு கூடுகிறது, 50 முதல் 55 சதவீதத்தில்தான் மிகக் குறைவு என்றது. மாவுச்சத்தைக் குறைத்த இடத்தை இறைச்சியால் நிரப்பியவர்களுக்கு ஆயுள் குறைந்தது, பருப்பு, கொட்டை, காய் என்று நிரப்பியவர்களுக்குக் கூடியது. இண்டியாப் குழுவினர் 18,090 இந்தியர்களின் உணவை வைத்து 2022இல் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கிறது. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர் அதை அடக்க 49 முதல் 54 சதவீதம் மாவுச்சத்து, 20 சதவீதத்தை ஒட்டிய புரதம்.

நான் வந்து சேர்ந்த முடிவும் இதுதான். கீட்டோ, பேலியோ இரண்டும் சிலருக்குச் சில மாதத்துக்குப் பயன்படும் கருவிகள். நூறு பாதாம் என்றால் மாதம் மூன்று கிலோவுக்கு மேல். எத்தனை குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்? வீட்டில் ஒருவர் பேலியோ என்றால் இரண்டு சமையல் செய்கிறவர் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். அவர்கள் தட்டில் மிஞ்சுவது பழைய சோறும் குழம்பும். குடும்பம் மொத்தமும் பத்து வருடம் சாப்பிடக்கூடிய ஒரு மாற்றமே மாற்றம். சோற்றைப் பாதியாக்கி, பொரியல், கூட்டு, கீரையை மூன்று மடங்காக்கி, வேளைக்கு ஒரு புரதம் வைப்பது அப்படிப்பட்டது.

எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான். சோற்றுக் கரண்டியை மாற்றினோம். சட்டியிலிருந்து போடும் பெரிய கரண்டி போய், குழிக்கரண்டி வந்தது. இரண்டு போட்டால் 160 கிராம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் சேர்த்து அவ்வளவே. மோரைத் தனியாகக் குடித்துவிடுகிறோம். பருப்பைக் கெட்டியாக வைத்து இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்கிறோம். முதலில் பொரியலையும் சுண்டலையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் தொடுகிறோம். 2015இல் 11 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், காயையும் கோழியையும் முதலில் தின்று கால்மணி நேரம் கழித்து ரொட்டி தின்றால் ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. அளவும் அதே, உணவும் அதே, வரிசை மட்டும் வேறு. காலையில் நான்கு இட்லி இரண்டானது, கூட இரண்டு முட்டை. முட்டை சாப்பிடாத என் அக்கா வீட்டில் முளைகட்டிய பயறும் பனீரும். டீயில் சர்க்கரை நின்றது. மூன்று வாரம் கசந்தது, பிறகு பழகிவிட்டது. ராத்திரி இரண்டு தோசையும் ஒரு கிண்ணம் கூட்டும். வாரம் மூன்று நாள் வீட்டிலேயே தண்டால், பஸ்கி. இரண்டு வருடத்தில் எடை 66 ஆயிற்று, இடுப்பு 88, எச்பிஏ1சி 5.6. கல்யாண வீட்டில் பாயசம் சாப்பிடுகிறேன்.

கவனிக்க வேண்டியவர்கள் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை யார் கையிலும் கொடுக்க எனக்கு மனமில்லை. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தைக் குறைக்காமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று '-கிளிஃப்ளோசின்' என முடியும் மாத்திரைகள் இன்னும் ஆபத்து. 2020இல் காப்புரிமை முடிந்து டாபாகிளிஃப்ளோசின் விலை இறங்கிய பிறகு மிகப் பரவலாக எழுதப்படுகிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே கீட்டோ இருந்தால், கருவியில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து வரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று ஆரம்பிக்கும். இரத்த அழுத்த மாத்திரையும் எடை குறையும்போது அதிகமாகிவிடும். சிறுநீரகம் பழுதானவர்கள் புரதத்தை ஏற்றக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் எடைக்காகக் கீட்டோ கூடவே கூடாது. சிலருக்கு, ஒல்லியானவர்களுக்குக் குறிப்பாக, நெய்யும் வெண்ணெயும் ஏறினால் எல்டிஎல் கொழுப்பு தாறுமாறாக எகிறும். மூன்று மாதத்தில் ஒருமுறை பரிசோதிக்காமல் 'நெய் நல்லது' என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

தனி ஒருவர் தட்டை மாற்றலாம். ஊர் தட்டை மாற்ற ரேஷன் கடை வேண்டும். 2011 ஜூனில் தமிழக அரசு அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசியை விலையில்லாமல் தரத் தொடங்கியது. பசியை விரட்டிய பெரிய காரியம் அது, அதைக் குறைக்கச் சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் அதே கடையில் துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். சத்துணவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாளும் முட்டை போடுகிற அரசுக்கு, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மாதம் இன்னும் இரண்டு கிலோ பருப்பும் ஒரு கிலோ கொண்டைக்கடலையும் கொடுப்பது முடியாத காரியமில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அந்த வரம்பை எட்டும் வழியை ரேஷன் அட்டையிலேயே எழுதித் தாருங்கள் என்று ஆட்சியில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். படிக்கிறவர்களிடம் கேட்பது சிறிய காரியம். நாளை மதியம் உங்கள் தட்டில் விழும் சோற்றை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், ஒரு கரண்டியைக் குறைப்பதற்கு முன் அந்த மாத்திரை அட்டையோடு உங்கள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.